ஜர்னிமேன்: அணி மாறி அணி மாறி ஆடும் தொழில்

தொழில்முறைக் கூடைப்பந்தில் எந்த அணியிலும் நிலைகொள்ளாமல், ஆண்டுக்கு ஒருமுறையோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ அணி மாறிக்கொண்டே ஆடுபவரை அமெரிக்காவில் ‘ஜர்னிமேன்’ என்பார்கள். பயணம் என்பதற்கான ஆங்கிலச் சொல் அதில் ஒலிப்பதால், ஊர் ஊராகச் சுற்றுபவர் என்று பொருள்கொள்ளத் தோன்றும். ஆனால் அதன் வேர் ‘நாள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பழைய ஐரோப்பாவில் தச்சு, நெசவு போன்ற தொழில்களைக் கற்று முடித்து, சொந்தப் பட்டறை வைக்கும் நிலைக்கு வராமல், பிறர் பட்டறையில் நாள்கூலிக்கு உழைத்த கைவினைஞர்தான் முதல் ஜர்னிமேன். கூடைப்பந்தாட்டக்காரருக்கும் அந்தப் பொருளே பொருந்துகிறது. அவர் தொழில் தெரிந்தவர். பட்டறை மட்டும் அவருடையது அல்ல.

450 இடங்கள்

என்.பி.ஏ. லீக்கில் 30 அணிகள். ஆட்டப் பருவத்தில் ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் 15 பேர். ஆக, மொத்தமே 450 இடங்கள். ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ எனப்படும் புதுமுகத் தேர்வில் இரண்டு சுற்றுகளில் 60 பேர் வரை எடுக்கப்படுகிறார்கள். புதியவர்கள் வர வர, ஏற்கெனவே இருப்பவர்களில் சிலர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். அந்த நேரத்தில் பெரும்பகுதியை எட்டு ஒன்பது பேர் ஆடிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கும். பட்டியலின் அடியில் உள்ள இடங்கள்தான் அடிக்கடி கைமாறுபவை. ஜர்னிமேனின் பிழைப்பு பெரும்பாலும் அங்கேதான்.

சம்பள விதியும் இதற்குத் துணைபோகிறது. ஆட்டக்காரருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் அனுபவத்துக்கேற்ப ஏறும். அப்படியே விட்டால், பத்தாண்டு ஆடியவரைக் கைவிட்டு மலிவான இளைஞரையே அணிகள் எடுக்கும். அதைத் தடுக்க லீக் ஒரு வழி செய்தது. மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆடியவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்தால், இரண்டாண்டு அனுபவக்காரருக்கு உரிய தொகையை மட்டும் அணி தந்தால் போதும். மீதியை லீக் ஏற்கும். சலுகை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மட்டும் என்பதால், அனுபவசாலிக்கு வேலை தரும் விதியே அவரை ஆண்டுதோறும் வேலை தேடவும் வைக்கிறது.

ஒப்பந்தத்தின் வகைகள்

பருவம் தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் 21 பேர் வரை பயிற்சி முகாமுக்கு அழைக்கும். முதல் ஆட்டத்துக்குள் முழு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் 15 பேராகக் குறைய வேண்டும். தப்பியவர்களிலும் சிலரது சம்பளம் உறுதி செய்யப்பட்டிருக்காது. ஜனவரி 10 வரை அணியில் நீடித்தால்தான் பருவம் முழுவதற்கும் பணம் உறுதி. அதனால் அந்தத் தேதிக்குச் சற்று முன்னர் விடுவிப்புகள் நடப்பது வழக்கம். விடுவிக்கப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் வேறு அணி கோரினால், அவருடைய ஒப்பந்தத்தோடு அவர் அங்கே போவார். யாரும் கோராவிட்டால் தமக்கு வேண்டிய அணியோடு பேசலாம்.

ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். பத்து நாளோ மூன்று ஆட்டமோ, எது நீளமோ அதுதான் காலம். ஒரே அணி ஒரே பருவத்தில் ஒருவரோடு இப்படி இரண்டு முறைதான் ஒப்பந்தம் போடலாம். மூன்றாவது முறை வேண்டுமென்றால் பருவ முடிவு வரை வைத்துக்கொள்ள வேண்டும். காயம்பட்டவருக்கு மாற்றாகவும், புதியவரைச் சோதித்துப் பார்க்கவும் அணிகள் இதைப் பயன்படுத்துகின்றன. இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. களம் கண்ட முதல் ஆட்டக்காரர் வந்ததும் இந்த வாசல் வழியே. டொரன்டோவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த, 226 சென்டிமீட்டர் உயரமுள்ள சிம் புல்லர் 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தத்தில் சாக்ரமென்டோ அணிக்கு வந்து மூன்று ஆட்டங்கள் ஆடினார். பின்னர் தைவானில் தொழிலைத் தொடர்ந்தார்.

2017 முதல் ‘டூ-வே’ என்ற இன்னொரு வகையும் உண்டு. இதில் ஒருவர் என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழ்நிலை ஜி லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவார். இப்போது ஓர் அணிக்கு இத்தகையவர் மூன்று பேர் இருக்கலாம்.

2001இல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்த லீக், 2017இல் ஜி லீக் என்ற பெயரைப் பெற்றது. சம்பளம் குறைவு என்றாலும், என்.பி.ஏ. ஒப்பந்தம் இல்லாத ஜி லீக் ஆட்டக்காரரை எந்த என்.பி.ஏ. அணியும் அழைத்துக்கொள்ளலாம் என்பதே அங்கே ஆடுவதற்கான காரணம். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஆண்ட்ரே இங்கிராம் இந்த லீக்கில் பத்துப் பருவங்கள் ஆடினார். கைச்செலவுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்காக முதல் என்.பி.ஏ. ஆட்டம் ஆடி 19 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் அவரை அழைத்தது பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு.

பதின்மூன்று அணிகள்

அணி மாறியதில் என்.பி.ஏ. சாதனை இஷ் ஸ்மித்துடையது. வட கரோலினா மாநிலத்தின் சார்லட்டில் 1988இல் பிறந்த இவர், 183 சென்டிமீட்டர் உயரமுள்ள பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துவது அவர் வேலை. 2010 டிராஃப்டில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹூஸ்டன் அணி வாய்ப்புத் தந்தது. அதன்பின் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஒக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட் என்று போய், 2022இல் பதின்மூன்றாவது அணியான டென்வருக்கு வந்தார். அதுவரை பன்னிரண்டு அணிகள் என்ற சாதனை சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வருக்கும் பொதுவாக இருந்தது. இவர்களில் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர். முதலிடத்தில் நுழைந்தவரும் ஜர்னிமேன் ஆகலாம்.

இஷ் ஸ்மித் இத்தனை ஊர் போனதில் ஆட்டக்காரர் பரிமாற்றத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும்போது, போகும் சம்பளமும் வரும் சம்பளமும் ஒரு வரம்புக்குள் ஈடாக வேண்டும். தராசைச் சமன்செய்யப் படிக்கல் வைப்பதுபோல, பெரிய பெயர்களோடு சிறிய ஒப்பந்தங்களையும் சேர்த்து அனுப்புவார்கள். அப்படி மாற்றப்படுபவரிடம் பொதுவாக யாரும் சம்மதம் கேட்பதில்லை.

ஆனால் எல்லா மாற்றமும் படிக்கல்லாகப் போனது அல்ல. 2015 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா தன் முதல் 31 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது. இளம் ஆட்டக்காரர்களுக்குப் பந்தைச் சரியாகக் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை என்று கண்டு, பிற்கால டிராஃப்ட் உரிமைகள் இரண்டைக் கொடுத்து ஸ்மித்தை வாங்கியது. எஞ்சிய 51 ஆட்டங்களில் ஒன்பது வெற்றி வந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்து டெட்ராய்ட் மூன்றாண்டுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. 2023இல் டென்வர் பட்டம் வென்றபோது, பெரும்பாலும் பெஞ்சில் இருந்த ஸ்மித்தும் சாம்பியன் ஆனார்.

கடல் கடந்த ஆட்டம்

450 இடங்களில் ஒன்றும் கிடைக்காதவருக்கு உலகம் முழுவதும் லீக்குகள் உண்டு. ஸ்பெயின், துருக்கி, கிரீஸ், இத்தாலி, இஸ்ரேல், சீனா, ஆஸ்திரேலியா, பிலிப்பீன்ஸ், புவெர்ட்டோ ரீக்கோ என்று பட்டியல் நீளும். வெளிநாட்டவர் எத்தனை பேர் ஆடலாம் என்பதற்குப் பல லீக்குகள் வரம்பு வைத்திருக்கின்றன. பிலிப்பீன்ஸில் சில தொடர்களில் வெளிநாட்டவரின் உயரத்துக்கே வரம்பு உண்டு. வரம்பு இருப்பதால் எதிர்பார்ப்பும் அதிகம். அமெரிக்காவில் பெஞ்சில் இருந்தவர் அங்கே அணியின் முதல் ஆளாக நின்று புள்ளி குவிக்க வேண்டும். சில வாரம் சறுக்கினால் மாற்று ஆள் விமானம் ஏறிவிடுவார்.

விதிகளும் மாறும். சர்வதேச ஆட்டம் 40 நிமிடம். மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டரில், என்.பி.ஏ.வில் நடுப்பகுதியில் 7.24 மீட்டர். வளையத்தில் பட்டு மேலே நிற்கும் பந்தை என்.பி.ஏ.வில் தொடக்கூடாது, சர்வதேச விதிப்படி தட்டிவிடலாம். பருவங்கள் வேறு வேறு மாதங்களில் நடப்பதால், குளிர்காலத்தில் ஒரு நாடு, கோடையில் புவெர்ட்டோ ரீக்கோ என்று ஆண்டு முழுவதும் ஆடுபவர்களும் உண்டு.

ஐரோப்பிய ஒப்பந்தங்களில் வீடு, கார், விமானச் சீட்டு ஆகியவற்றை அணியே தருவது வழக்கம். சம்பளம் பாக்கி நிற்பதே பெரிய ஆபத்து. இத்தகைய வழக்குகளைத் தீர்க்க சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. தீர்ப்புக்குப் பணியாத அணி புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி கூட்டமைப்பு தடை விதிக்கலாம்.

இந்தப் பாதையில் போய்த் திரும்பியவர்களில் குறிப்பிடத்தக்கவர் பி.ஜே. டக்கர். 2006இல் டொரன்டோ அணிக்குத் தேர்வாகி, ஒரு பருவத்தில் 17 ஆட்டங்களோடு வெளியேறினார். இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, புவெர்ட்டோ ரீக்கோ, ஜெர்மனி என்று ஆடிவிட்டு 2012இல் ஃபீனிக்ஸ் வழியாக என்.பி.ஏ.வுக்கு மீண்டார். புள்ளி குவிக்கும் ஆளாக அவர் திரும்பவில்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பதையும், களத்தின் மூலையில் காத்திருந்து மூன்று புள்ளி எறிவதையும் தம் வேலையாக்கிக்கொண்டார். 2021இல் மில்வாக்கி அணியோடு பட்டம் வென்றார்.

நீடிக்க வைக்கும் திறமை

டக்கரின் வழி ஜர்னிமேன்கள் பலருக்கும் பொது. அணிக்குத் தேவையான ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்பவருக்கே அழைப்பு வரும். பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் ஆட்டத் திட்டங்களும் சைகைகளும் மாறும். வந்து இறங்கிய மறுநாளே அவற்றை மனப்பாடம் செய்து ஆட வேண்டியிருக்கும். பல வாரம் பெஞ்சில் இருந்தாலும் உடலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் எழுதப்படாத கடமை.

வருமானத்தைவிட ஆண்டுக் கணக்கு முக்கியம். மூன்று ஆண்டுகள் பணி நிறைந்தால் என்.பி.ஏ. ஓய்வூதிய உரிமை உண்டு. குறைந்தது மூன்றாண்டு ஆடி ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்க ஆட்டக்காரர் சங்கம் 2016இல் முடிவெடுத்தது. பத்து நாள் ஒப்பந்தத்துக்கும் ஆட்டக்காரர்கள் போட்டியிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல பயிற்சியாளர்களின் முறைகளை உள்ளிருந்து பார்த்த அனுபவம் ஓய்வுக்குப் பின் கைகொடுக்கிறது. ஏழு அணிகளில் ஆடிய டைரன் லூ, 2016இல் கிளீவ்லாந்து அணியின் பயிற்சியாளராகப் பட்டம் வென்றார். டிராஃப்டில் தேர்வாகாமல் கீழ்நிலை லீக்கில் தொடங்கி, பத்துக்கு மேற்பட்ட அணிகளில் ஆடிய கெவின் ஓலி, 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைத் தேசியப் பட்டத்துக்குக் கொண்டுசென்றார்.