ஊருக்குப் போகும் அம்மா விமானத்தைத் தவறவிடாமல் இருக்க: கேஎல்ஐஏவில் போவதும் வருவதும்

கிள்ளான், ஆகஸ்ட் - "அண்ணனுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா" என்று திருச்சியில் இருந்து தொலைபேசி வருகிறது. மகன் கைத்தொலைபேசியில் பத்தே நிமிடத்தில் விமானச் சீட்டு வாங்கிவிடுகிறார். ஆனால், அம்மாவின் கடப்பிதழ் இன்னும் நான்கு மாதத்தில் காலாவதியாகிறது. அல்லது இந்திய விசா எடுக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் முதலாம் முனையத்தில் ஏற வேண்டியவர் இரண்டாம் முனையத்தில் காத்திருக்கிறார். விமானம் பறந்துவிடுகிறது. போன காசு போகட்டும், கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போனதுதான் பல குடும்பங்களில் ஆறாத வருத்தமாக நிற்கிறது.

அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் போய்வந்த தலைமுறைக்குப் பயணம் என்றால் பல நாள் கடல். பிறகு சுபாங் விமான நிலையம் வந்தது. ஒருவரை வழியனுப்பத் தோட்டமே வேன் பிடித்து வந்த காலம் அது. 1998 ஜூன் மாதம் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறக்கப்பட்டது. 2014 மே 2ஆம் தேதி இரண்டாம் முனையமும் வந்தது. இடம் பெரிதாகிவிட்டதால் முறையும் மாறிவிட்டது. முறை தெரிந்தவருக்கு அதில் சிரமம் ஏதுமில்லை.

சீட்டு வாங்கும் முன்

முதலில் கடப்பிதழை எடுத்துத் தேதியைப் பார்க்க வேண்டும். இந்தியா செல்பவரின் கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், அதில் இரண்டு வெற்றுப் பக்கங்களும் தேவை. புதுப்பிக்கும் வேலை குடிநுழைவுத் துறை அலுவலகத்திலும் யுடிசி மையங்களிலும் பொதுவாக அன்றைக்கே முடிந்துவிடும். ஆகவே வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அழைப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே புதுப்பித்து வைப்பது நல்லது.

அடுத்தது விசா. சென்னையில் இறங்கிய பிறகு விசா வாங்கிக்கொள்ளலாம் என்பது மலேசியர்களுக்குப் பொருந்தாது. இ-விசாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே, குறைந்தது நான்கு நாட்களுக்கு முன், விண்ணப்பிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா தேவை. இந்திய அரசின் அகப்பக்க முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கும் போலி அகப்பக்கங்கள் உண்டு. அனுமதி வந்ததும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும், கைத்தொலைபேசி பேட்டரியை நம்பக்கூடாது. துக்கச் செய்திக்காக நான்கு நாள் காத்திருக்க முடியாதவர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொண்டு வழி கேட்கலாம்.

2025 அக்டோபர் முதல் இந்தியா செல்லும் வெளிநாட்டினர் இ-வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது பயணத்திற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் செய்ய வேண்டிய வேலை. விசாவும் இதுவும் வேறு வேறு.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தும் இந்த நிலையில் உள்ள முதியோர் இன்னும் இருக்கின்றனர். வெளியே போவதற்கு மட்டுமின்றித் திரும்பி வருவதற்கும் என்ன ஆவணம் தேவை என்று குடிநுழைவுத் துறையிடம் நேரில் கேட்ட பிறகே சீட்டு வாங்க வேண்டும். திவாலானவர்களும் வருமான வரி பாக்கி உள்ளவர்களும் பயணத்தடை இருக்கிறதா என்பதை அத்துறையின் அகப்பக்கத்தில் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

'ஏ/எல்', 'ஏ/பி' குழப்பம்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். விமானச் சீட்டுப் படிவத்தில் சாய்வுக்கோடு ஏறாது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் அந்தக் கோடு இருக்காது. அதனால் பயப்பட வேண்டியதில்லை. சொந்தப் பெயரும் தந்தை பெயரும் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். வீட்டில் கூப்பிடும் பெயரையோ, ஓர் எழுத்தை விட்டோ போட்டுவிட்டால் முகப்பில் பிரச்சினை வரும். பிழை தெரிந்தால், புறப்படும் நாள்வரை விடாமல் விமான நிறுவனத்திடம் உடனே சொல்லித் திருத்த வேண்டும்.

எந்த முனையம், எப்படிப் போவது?

ஏர் ஆசியா விமானங்கள் இரண்டாம் முனையத்தில். மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் முதலாம் முனையத்தில். சீட்டில் எழுதியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது. தவறி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், இரண்டு முனையங்களுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான்.

கிள்ளானில் இருந்து கேடிஎம் கொம்யூட்டரில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதலாம் முனையத்திற்கு 28 நிமிடத்திலும் இரண்டாம் முனையத்திற்கு 33 நிமிடத்திலும் சேர்த்துவிடும். பெரியவர்களுக்கு ஒருவழிக் கட்டணம் 55 வெள்ளி. கேஎல் சென்ட்ரலின் கீழ்த்தளத்தில் புறப்படும் பேருந்துக்குச் செலவு குறைவு, ஆனால் சாலை நெரிசலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று மணி நேரத்திற்கு முன்பே விமான நிலையத்தில் இருப்பது பாதுகாப்பு. பல நிறுவனங்கள் புறப்படும் நேரத்திற்கு 60 நிமிடம் முன்பே முகப்பை மூடிவிடும்.

உள்ளே போன பிறகு

முதலாம் முனையத்தில் புறப்பாடு ஐந்தாம் மாடியில், வருகை மூன்றாம் மாடியில். முகப்பில் பெட்டியைக் கொடுத்ததும் கிடைக்கும் ஒட்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெட்டி வராமல் போனால் அதுவே சாட்சி.

நல்லெண்ணெய், ஊறுகாய், நெய் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டி அனுமதிக்கப்படாது. பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

குடிநுழைவுச் சோதனையில் மலேசியர்களுக்குத் தானியங்கிக் கதவு உண்டு. பல வருடம் பால்மரம் வெட்டிய, செம்பனைத் தோட்டத்தில் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பதால் இயந்திரம் படிக்காமல் போகலாம். அது குற்றமல்ல. பக்கத்தில் அதிகாரி இருக்கும் முகப்புக்குப் போனால் போதும்.

முதலாம் முனையத்தில் 'சி' என்று தொடங்கும் வாயில்கள் தனிக் கட்டடத்தில் உள்ளன, ஏரோட்ரெயின் ஏறிப் போக வேண்டும். 2023இல் நின்றுபோன அந்தச் சேவை 2025 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. இரண்டாம் முனையத்தில் நடை அதிகம். முட்டிவலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்திற்கு முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு வைக்கலாம். தள்ளிச் செல்லும் பணியாளரே வாயில்வரை கொண்டுவிடுவார் என்பதால், தனியாகப் போகும் அம்மாவுக்கு வழி தேடும் கவலையும் இல்லை.

நகை அணிந்து செல்பவர்கள் வீட்டிலேயே படம் எடுத்து, ரசீதையும் உடன் வைத்திருப்பது நல்லது. தாலிச் சங்கிலிகூடச் சுங்கத்தில் பிடிபட்டதுண்டு. சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் பெண் ஒருவரிடம் எடுக்கப்பட்ட நகையைத் திருப்பித் தரும்படி 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், எல்லாராலும் நீதிமன்றப் படி ஏற முடியாது. அறிமுகமில்லாதவர் தரும் பொட்டலத்தை எந்தக் காரணத்திற்கும் வாங்கக்கூடாது. அதில் என்ன இருந்தாலும் பிடிபடுபவர் சுமந்தவரே.

திரும்பும்போதும், உறவினர் வரும்போதும்

ஊரில் இருந்து மல்லிகைக் கன்று, விதை, பழம், இறைச்சி கொண்டுவர மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல் பரிசோதனைத் துறையின் அனுமதி தேவை. 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பெட்டி வரவில்லையென்றால், வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள முகப்பில் புகார் பதிய வேண்டும்.

இந்தியாவில் இருந்து உறவினரை அழைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் வரலாம் என்ற சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்காக வந்தவர் எல்லாரும் உள்ளே நுழைந்துவிடலாம் என்று பொருளல்ல. வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலக்கவியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். திரும்பும் சீட்டு, தங்கும் வீட்டு முகவரி, அழைத்தவரின் தொலைபேசி எண், செலவுக்குப் பணம் ஆகியவற்றை அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 'சுற்றுலாவாக வந்து வேலை பார்க்கலாம்' என்று முகவர் சொல்வதை நம்பி வருவோருக்கு நேர்வதும் இதுதான்.

கடப்பிதழ், அச்சிட்ட விசா, சீட்டு, மகனின் எண் எழுதிய தாள் ஆகிய நான்கையும் ஒரே பையில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு, மகனோ மகளோ ஒருமுறை கூட உட்கார்ந்து மேலே சொன்ன வரிசையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.