விமானத்திலிருந்து நேரடித் தகவல் வந்தால் கறுப்புப் பெட்டி தேவையில்லையா?

தைப்பூசக் காவடியைக் கைத்தொலைபேசியில் நேரடியாகக் காட்டுகிறோம். அவ்வளவு பெரிய விமானத்தின் தகவலை மட்டும் உடனுக்குடன் தரைக்கு அனுப்ப முடியாதா? கறுப்புப் பெட்டியைத் தேடி ஏன் கடலுக்குள் இறங்க வேண்டும்? எம்எச்370 பற்றிப் பேச்சு எழுந்தால் சிடாம் கிரியானாலும் சுங்கை பட்டாணியானாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான்.

அந்த விமானம் நமக்குத் தூரத்து விவகாரமும் அல்ல. 2014 மார்ச் 8ஆம் தேதி நள்ளிரவு 12.42க்கு 239 பேருடன் அது கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்டது. 1.21க்குக் கட்டுப்பாட்டு மையத்தின் திரையிலிருந்து மறைந்தது. பிறகு அது திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, பினாங்குத் தீவுக்குத் தெற்கே சென்றது இராணுவ ராடாரில் பதிவானது. 1.52க்குத் துணை விமானியின் கைத்தொலைபேசிச் சமிக்ஞையைப் பினாங்கு பண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள கோபுரம் ஒரு கணம் பிடித்தது. நம் பக்கம் மரம் சீவப் போகிறவர்கள்கூட எழுந்திருக்காத நேரம் அது.

தரைக்குத் தகவல் அனுப்பும் 'ஏகார்ஸ்' என்ற கருவி அந்த விமானத்திலேயே இருந்தது. அரை மணிக்கு ஓர் அறிக்கை. 1.07க்கு எரிபொருள் கணக்கோடு ஒன்று வந்தது. 1.37க்கு வர வேண்டியது வரவே இல்லை. அதன்பின் கிடைத்ததெல்லாம் துணைக்கோளத்துடன் நடந்த ஏழு குறுந்தொடர்புகள்தான். கடைசியானது காலை 8.19க்கு. "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்ற அளவுதான் அதில் இருக்கும். எங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. அதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். 2017 சனவரியில் நிறுத்தினார்கள்.

கறுப்புப் பெட்டியும் கைகொடுக்கவில்லை. அதன் நிறம் ஆரஞ்சு என்பது தெரிந்ததே. நீரில் விழுந்தால் அது ஒலி எழுப்பும். அன்றைய கருவிகளின் மின்கலம் 30 நாள்தான் தாங்கும். இந்த விமானத்தின் தரவுப் பெட்டி மின்கலத்தின் காலாவதியோ 2012 டிசம்பரிலேயே முடிந்திருந்தது என்கிறது விசாரணை அறிக்கை. படிக்கும்போது வயிறு எரிகிறது.

அப்படியானால் நேரடித் தகவலே போதுமா? 2009 சூன் 1ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447, கடைசி நிமிடங்களில் 24 தானியங்கிச் செய்திகளை அனுப்பியது. வேகத்தை அளக்கும் கருவிகளில் கோளாறு என்பது அவற்றிலிருந்தே தெரிந்தது. ஆனால், கருவிகள் சில நொடிகள் குழம்பியதற்கு விமானம் ஏன் விழ வேண்டும்? ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டிகளை எடுத்த பிறகே விடை கிடைத்தது. குழப்பத்தில் விமானி மூக்கைத் தொடர்ந்து மேலே தூக்கியதால் இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன.

எல்லாத் தகவலையும் எப்போதும் அனுப்புவதில் சிக்கல்களும் உண்டு. செலவு ஒரு பக்கம். விமானம் தாறுமாறாகச் சாயும்போது, தகவல் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில், துணைக்கோளத் தொடர்பு அறுந்துபோகலாம். விமானி அறைப் பேச்சு வெளியே போவதை விமானிகளும் விரும்புவதில்லை.

ஆகவே அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு நடுவழி ஒன்றை எடுத்தது. 27,000 கிலோவுக்கு மேற்பட்ட புதிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்திற்கு ஒருமுறை தாமாகவே இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். 2025இல் நடப்புக்கு வந்த விதி இது. தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். பெட்டியை எடுக்கத்தான் வேண்டும்.

எம்எச்370இன் குரல் பெட்டி நாளை கிடைத்தாலும் அதில் இருப்பது கடைசி 2 மணி நேரம்தான். விமானம் திரும்பிய கணத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அழிந்திருக்கும். புதிய பெரிய விமானங்களில் இப்போது 25 மணி நேரம் பதிவாகிறது. ஆனால் தரவுப் பெட்டி அன்றே 25 மணி நேரம் பதியக்கூடியது; அந்தப் பயணம் முழுவதும் அதற்குள் இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் மலேசிய அரசாங்கம், கண்டுபிடித்தால் மட்டுமே 7 கோடி அமெரிக்க டாலர் என்று ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனத்துடன் மீண்டும் ஒப்பந்தம் போட்டது அதற்காகத்தான்.