இக்பால் கண்ட ‘தான்’

கெடா மாநிலத்துப் பட்டணங்களில் அன்றாடம் வழங்கும் ‘பண்டார்’ என்னும் மலாய்ச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்குத் துறைமுகத்தைக் குறித்த அச்சொல், மலாயில் நகரம் எனப் பொருள் விரிந்தது. நாடு கடந்து செல்லும் சொல் பொருள் மாறுதல் இயல்பே. ஆனால், தாழ்ந்த பொருளில் வழங்கிய ஒரு சொல்லைக் கவிஞர் ஒருவர் உயர்ந்த பொருளில் ஆண்டு நிலைநிறுத்தியதும் உண்டு. அக்கவிஞர் முகமது இக்பால் (1877–1938), அச்சொல் ‘குதீ’.

பாரசீகத்தில் ‘குத்’ என்றால் ‘தான்’ என்பது பொருள். ‘ஈ’ என்னும் ஈறு நம் ‘மை’ விகுதியைப் போலப் பண்பைக் குறிப்பது. பாரசீகத்திலும் உருதுவிலும் இச்சொல் பெரும்பாலும் செருக்கு, தன்னலம் என்னும் பொருளிலேயே வழங்கிற்று. சூபி ஞானியரும் அதனை ஒழிக்கத் தக்கதெனவே கொண்டனர்.

1915-இல் வெளியான ‘அஸ்ராரே குதீ’ என்னும் பாரசீகக் காவியத்தில் இக்பால் இதனை மாற்றினார். உயிர் தன் தனித்தன்மையை உணர்ந்து, அதனைச் செயலால் உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆற்றலே குதீ என்றார். உலகை விட்டு ஒடுங்குவதே ஞானம் என்னும் எண்ணம் சமுதாயத்தைச் செயலறச் செய்தது என்பது அவர் துணிபு. இதனால் முதற்பதிப்பில் ஹாபிஸின் கவிதையையும் கண்டித்தார். எதிர்ப்பு எழவே, அடுத்த பதிப்பில் அவ்வடிகளை நீக்கினார். எனினும் சூபி மரபை அவர் முற்றும் தள்ளியவர் அல்லர். 13-ஆம் நூற்றாண்டின் ஜலாலுத்தீன் ரூமியையே ஞானாசிரியராகக் கொண்டார். 1932-இல் வந்த ‘ஜாவீத் நாமா’வில் விண்ணுலகப் பயணத்திற்கு வழிகாட்டுபவரும் ரூமியே.

குதீ வளர்வதற்கு இக்பால் மூன்று படிகளைக் கூறுகிறார். நெறிக்குக் கீழ்ப்படிதல் முதற்படி; பொறுமையோடு சுமை தாங்கி நடக்கும் ஒட்டகம் இதற்கு உவமை. தன்னை அடக்குதல் இரண்டாவது. இறைவனின் பிரதிநிதியாய் உலகில் செயலாற்றுதல் மூன்றாவது. கீழ்ப்படிதலில் தொடங்குவது செருக்காகுமா? 1918-இல் வெளியிட்ட ‘ரமூஸே பேகுதீ’யில், தனி மனிதன் சமுதாயத்தோடு இணைந்தே நிறைவு பெறுகிறான் என்றும் அவர் விளக்கினார்.

தமிழகத்திற்கும் இதில் தொடர்புண்டு. 1929 ஜனவரியில் இக்பால் சென்னையில் ஆங்கிலத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை வேறு சில சொற்பொழிவுகளோடு 1930-இல் லாகூரில் நூலாயின. கவிதையில் பாடிய மனிதத் ‘தானை’ அந்நூலில் அவர் தத்துவ முறையில் ஆராய்கிறார்.

இச்சொல்லை ‘ஆணவம்’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகும். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் மலம்; இக்பாலின் குதீயோ உயிரின் விளக்கம். இரண்டும் வெவ்வேறு நெறிகள். ஆயினும், தாளும் தலையும் சேர்ந்து ‘தாடலை’ ஆவதுபோல, முத்தியில் இறைவனோடு கலந்தும் உயிர் அழியாது நிற்கும் என்று பயின்ற தமிழர்க்கு, இறைமுன் கரைந்துவிடாத ‘தான்’ என்னும் கருத்து புதிதன்று. ‘தன்மை’ என்பதே நேரான சொல். அது இன்று குணத்தைக் குறித்துவிட்டமையால் ‘தன்னுணர்வு’ என்பது பொருந்தும்.

தம்மைத் தாழ்வாக எண்ணிப் பழகிய தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செருக்கை ஒழிக்கும் பாடத்திற்கு முன் தன்னுணர்வின் பாடம் வேண்டும். இக்பாலைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்துக் குழப்பாதிருத்தல் நலம்.