காற்றைக் குடிக்கும் மீன்கள்

தேங்கிய நீரில் எந்த மீன் பிழைக்கும், எது மாளும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவாகும். 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்குக் குறையாத ஆக்சிஜன் இருக்கிறது. தலைக்கு மேலே இத்தனை செல்வம் கொட்டிக்கிடக்க, செவுள்களை மட்டும் நம்பிய மீன்கள் கீழே பற்றாக்குறையில் வாழ்கின்றன. குளத்து மீனின் உடலமைப்பும் தூண்டில்காரர் வழிவழியாகச் சேர்த்துவைத்த அனுபவ அறிவும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பெரிதும் பிறந்தவை.

தில்லியிலுள்ள ஹௌஸ் காஸ் ஏரி இத்தகைய தேங்கிய நீருக்குப் பொருத்தமான சான்று. அலாவுதீன் கில்ஜி தம் சிரி நகர மக்களுக்காக வெட்டிய இந்நீர்நிலை, சில பத்தாண்டுகளிலேயே தூர்ந்துபோய், மக்கள் அதன் தரையில் பயிர் செய்து, கிணறு தோண்டித் தண்ணீர் விற்கும் நிலையை அடைந்ததாகவும், தாமே அதை மீண்டும் தோண்டச் செய்ததாகவும் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் பதிவு செய்துள்ளார். கடந்த நூற்றாண்டில் மறுபடியும் வறண்ட ஏரி, இப்போது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் நிரப்பப்படுகிறது. சுத்திகரித்த பிறகும் அந்நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் எஞ்சுவதால் நுண்பாசி பெருகி நீர் பச்சை நிறம் கொள்கிறது. பாசி பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைப் பெருக்குகிறது. இரவிலோ அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆகவே பாசி மண்டிய எந்தக் குளத்திலும் விடியலுக்குச் சற்று முன்புதான் மூச்சுப் பஞ்சம் உச்சத்தை எட்டும். தொடர்ந்து வானம் மூடியிருந்த நாள்களுக்குப் பின் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதற்கு நஞ்சு கலப்பு ஒன்றே காரணம் என்று கருதிவிட முடியாது.

இந்தப் பஞ்சத்தைக் கடக்க, காற்றையே சுவாசிக்கும் வழியைச் சில மீன் குடும்பங்கள் தனித்தனியே கண்டடைந்தன. விராலுக்குச் செவுளுக்கு மேலே இரத்த நாளங்கள் நிறைந்த காற்றறை உண்டு. இந்தியில் மாங்குர் எனப்படும் மீனுக்கு அவ்விடத்தில் கிளைவிட்ட சிறு மரம் போன்ற உறுப்பு இருக்கிறது. சிங்கி என்று வடக்கே வழங்கும் தேளி மீனிலோ, செவுளறையிலிருந்து இரண்டு நீண்ட காற்றுப் பைகள் முதுகெலும்பை ஒட்டி வால் நோக்கி ஓடுகின்றன. அதன் மார்புத் துடுப்பின் நச்சு முள்ளால் குத்துப்பட்டவர்கள் தேளி என்ற பெயரின் பொருத்தத்தை மறப்பதில்லை. பனையேறிக் கெண்டையின் செவுளுக்கு மேலுள்ள உறுப்பு, மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிடக்கும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்னும் டேனிய அதிகாரி இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு ஐரோப்பிய அறிவுலகை வியக்க வைத்தது. மரமேறுவது பற்றிப் பின்வந்தோர் ஐயுற்றனர். ஈரத்தரையில் அது ஊர்ந்து செல்வதை எவரும் ஐயுறவில்லை.

வளர்ந்த விரால் நீர்மட்டத்துக்கு வர இயலாதபடி தடுக்கப்பட்டால், நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். மீன் 'மூச்சு விட' எழும் இடத்தைப் பார்த்துவைத்துத் தூண்டில் போடும் வழக்கத்துக்கு அடிப்படை இதுவே. செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரளும் இடத்தில் தவளையை இரையாக வீசினால் தாய் தந்தை விரால் பாய்ந்து கவ்வும் என்பதும் பழகிய உத்தி. அது பெரும்பாலும் பசியால் நேர்வதன்று. குஞ்சுகளை நெருங்கும் பகையை விரட்டும் செயல். அவ்வாறு பிடிபடும் ஒரு மீனோடு காவலற்ற குஞ்சுத் திரளும் அழிவதால், திறமை மிகுந்த இந்த உத்தி இரக்கமற்றதும் ஆகும்.

கெண்டை இனத்தைச் சேர்ந்த ரோகு, கட்லா, மிருகால் ஆகியவற்றுக்குக் காற்றறை இல்லை. விடியலில் இவை வாயை மேலே நீட்டித் திணறுவதைக் கண்டு, மீன் பசியோடிருப்பதாக எண்ணித் தூண்டில் போடுபவர் ஏமாறுவார். ஆக்சிஜன் குறைந்த மீன் இரையை நாடுவதில்லை. வெயில் ஏறி நீர் தேறிய பிறகே அது மேயத் தொடங்கும். மேல்நோக்கிய வாயுடைய கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிருகால் அடித்தளத்திலும் மேய்வதால், தக்கையை நரம்பில் எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதிலேயே எந்த மீனுக்குக் குறிவைக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். கோதுமை மாவு உருண்டையில் பெருங்காயம் சேர்ப்பதும் பொருளற்றதன்று. கலங்கிய நீரில் கண்ணைவிட மணமும் சுவையுமே மீனுக்கு வழிகாட்டுகின்றன. கெளுத்தி வகைகளுக்கு மீசையில் மட்டுமின்றி உடல் முழுதும் சுவை மொட்டுகள் உள்ளன.

கரையில் பேசக்கூடாது என்ற விதி பாதி உண்மையே. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மிதப்பதற்கான காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் இருப்பதை 1820இல் ஜெர்மானியர் வேபர் விளக்கினார். இதனால் இவற்றின் கேட்கும் திறன் கூர்மையானது. ஆயினும் மனிதக் குரலில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். தரையை அதிர மிதிக்கும் காலடிதான் மீனை எட்டும். வாயை மூடச் சொல்வதைவிடச் செருப்பைக் கழற்றச் சொல்வது அறிவியலுக்கு நெருக்கமானது.

பெருங்கெண்டைகள் இயல்பாக முட்டையிடுவது பருவமழையில் பெருகும் ஆற்று வெள்ளத்தில். தேங்கிய ஏரியில் அவை பெருகுவதில்லை. 1957 ஜூலை 10ஆம் நாள் ஹிராலால் சௌத்ரி மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகே, குஞ்சுகளை வேண்டும் இடத்தில் உண்டாக்க வழி பிறந்தது. அந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. விரால், தேளி போன்றவற்றுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. முதல் மழையில் ஓடைகளின் எதிர்நீரில் ஏறியும் ஈரத்தில் நெளிந்தும் குளத்துக்குக் குளம் அவை தாமாகப் பரவின. அதே திறன் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இருந்ததால், 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்த பின்னரும் அதை ஒழிக்க முடியவில்லை. ஹௌஸ் காஸ் ஏரிக்கு ஒரு காலத்தில் மழைநீரை அனுப்பிய தெற்கு மலைத்தொடருக்கும் ஏரிக்கும் இடையே இப்போது வெளிவட்டச் சாலை ஓடுகிறது. நீர் குழாயில் வந்து சேர்ந்துவிடுகிறது, எதிர்நீரில் ஏறும் மீனுக்குத்தான் ஓடை இல்லை.