உங்களுக்குத் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஸ்டார் வார்ஸ்!

1970-களில் ஹாலிவுட் பாப் பாட்டு, சிந்தசைசர் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற தன் விண்வெளிச் சண்டைப் படத்துக்குப் பழைய பாணியில் முழு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்றார் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ். இசை, ஜான் வில்லியம்ஸ். 1977 மார்ச்சில், லண்டனை அடுத்த டென்ஹாமில் லண்டன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ஒலிப்பதிவு நடந்தது.

தொடக்கத்திலேயே நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும் டிரம்பெட்டுகளுக்கு முன்நின்றவர் மாரிஸ் மர்ஃபி. அந்தக் குழுவின் முதன்மை டிரம்பெட் கலைஞராக அவருக்கு அதுதான் முதல் நாள்!

இன்னொரு நுணுக்கம். படத்துக்கு முன்னால் வரும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் முழக்கம் பி ஃபிளாட் மேஜர் என்ற சுருதியில் அமைந்தது. வில்லியம்ஸும் முகப்பு இசையை அதிலேயே தொடங்கினார். நிறுவனச் சின்னம் மறைந்து படத்தின் பெயர் பாய்ந்து வரும்போது காதுக்கு ஒரு தடங்கலும் இல்லை.

படத்தின் வில்லன் டார்த் வேடர் என்றதும் பலர் முணுமுணுக்கும் அணிவகுப்பு மெட்டை மட்டும் இந்தப் படத்தில் தேடாதீர்கள். அது 1980-இல் வந்த அடுத்த பாகத்தில்தான் அறிமுகமானது.