நிதிப் பாதுகாப்பும் மகிழ்ச்சியும்

செல்வம் என்பது ஒருவரிடம் உள்ள பொருளின் அளவு. அவசரத் தேவைக்காக அதை விற்க வேண்டியிராத நிலையே நிதிப் பாதுகாப்பு. மன நிம்மதியோடு இதற்கே நெருக்கம் அதிகம். செஞ்சிக் கோட்டையில் இராசகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியங்கள் உள்ளன. முற்றுகைக் காலத்தில் பொன்னை உண்ண முடியாதல்லவா!

இன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் குவிகின்றன. வரத்து மிகுந்தால் விலை இறங்கும். கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் நெருக்கும் விவசாயி கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டும். சிறிது சேமிப்பு உள்ளவர் காத்திருக்கலாம். இருவருக்கும் நிலம் ஒரே அளவாக இருந்தாலும் இரவுத் தூக்கம் ஒன்றாக இராது. விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன் பேரில் பணம் பெறும் பொருளீட்டுக் கடன், தமிழக ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் இதற்காகவே வழங்கப்படுகிறது.