வைக்கோற் சர்க்கரையும் சுண்ணாம்புச் சுத்தியும்

பஞ்சாப், ஹரியானா ராஜ்யங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இரண்டு மூன்று வாரங்களே கிடைப்பதால், இயந்திர அறுவடைக்குப்பின் வயலிற் கிடக்கும் தாளைக் கொளுத்திவிடும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அத்தாளிலிருந்து பெட்ரோலுடன் கலப்பதற்குரிய சாராயம் வடிக்க, இந்தியன் ஆயில் கம்பெனியார் பானிப்பட்டில் நிறுவிய ஆலை 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. வருஷத்துக்கு 2 லட்சம் டன் தாளினின்று சுமார் 3 கோடி லிட்டர் எடுப்பது உத்தேசம்.

வைக்கோலின் நாரெல்லாம் சங்கிலியாய்க் கோத்த சர்க்கரையே. நீர்த்த கந்தகத் திராவகத்துடனாவது நீராவி அழுத்தத்திலாவது வேகவைத்தால் அச்சங்கிலியின் ஒரு பகுதி அறுந்து சர்க்கரை நீராகிறது. ஆனால் அந்நீரில் ஈஸ்டை இட்டால் பலவேளைகளில் அது நுரைப்பதில்லை. காரணம் யாதெனில், வேகும்போதே சர்க்கரையிற் சிறிது தீய்ந்து பர்ஃபூரால் முதலிய பொருள்களாகிறது. நாரிலிருந்து காடி அமிலமும், லிக்னின் என்னும் பிசினிலிருந்து பீனால் வகைகளும் கழன்று சேருகின்றன. இவை யாவும் ஈஸ்டுக்குப் பகை.

கருப்பஞ்சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளிவிக்கும் வெல்லக்காரருக்கு இதற்குப் பரிகாரம் புதிதன்று. நீற்றின சுண்ணாம்பை, பி.எச். என்னும் அமில கார அளவு 10 வரையில் ஏறும்படி இட்டு, 50 அல்லது 60 சென்டிகிரேடு டிகிரிச் சூட்டில் அரைமணி முதல் ஒருமணி வரை வைத்து, அடியிற் படியும் ஜிப்சத்தை வடிகட்டி, மீண்டும் சிறிது அமிலத்தால் 5½-க்கு இறக்கி ஈஸ்டை விடுவார்கள். மரத்தூள் சர்க்கரையைப் புளிக்கவைப்பதுபற்றி அமெரிக்காவில் லெனார்டு, ஹாஜ்னி என்னும் இருவர் 1945-ல் கட்டுரை வெளியிட்டனர்.

சூடும் காரமும் மிஞ்சினால் சர்க்கரையே அழியும். ஜிப்சத்தோடும் கொஞ்சம் போகும். காடி அமிலமோ இதற்கு அசையாது. ஆகவே ஈஸ்டைத் தாராளமாக விடுவதும் உண்டு. பர்ஃபூராலைத் தீங்கு குறைந்த பொருளாக ஈஸ்டே மாற்றிக்கொள்ளும். மரக்கரியும் நச்சை ஈர்க்கும், ஆனால் செலவு அதிகம்.

இனி விவசாயிகளைச் சேர்ந்த காரியம். மண்ணொட்டிய தாளின் சாம்பற்சத்து திராவகத்தை வீணாக்கும். நனைந்த தாளிற் பூஞ்சை சர்க்கரையைத் தின்றுவிடும். உலர்ந்த, மண்ணில்லாத கட்டே விலைபெறத் தக்கது. மாட்டுக்கு வைக்கோலையே நம்பியிருக்கும் கிராமங்களிலோ, கோடைத் தீவனத்துக்குப் போர் போட்டது போக மிச்சமிருந்தால் மட்டுமே விற்பனையைப்பற்றி யோசிக்கலாம்.